உதவித்தொகை முடிவு ஊராட்சிக்கு வரட்டும்

ஐயா,

முதியோர், கைம்பெண்கள் உள்ளிட்டோருக்கான மாத உதவித்தொகை விண்ணப்பங்கள் கிராம நிர்வாக அலுவலரின் விசாரணைக்குப் பின் வருவாய்த் துறையின் வட்ட அலுவலகத்தில்தான் முடிவாகின்றன. கூடலூர், பந்தலூர் வட்டங்களில் காட்டோரம் வாழும் பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிக் குடும்பங்களுக்கு அந்த அலுவலகம் சென்றுவருவது பேருந்துக் கட்டணத்தோடு ஒரு நாள் கூலியையும் விழுங்கும். யானை நடமாட்டம் கருதி இருட்டுமுன் ஊர் திரும்பவும் வேண்டும்.

அரசமைப்பின் 11-ஆவது அட்டவணை, ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 பொருள்களில் சமூக நலனையும் நலிவடைந்த பிரிவினர் நலனையும் சேர்த்து 30 ஆண்டுகளுக்கு மேலாகிறது. பொறுப்பைத் தாளில் தந்தவர்கள் பணத்தைத் தரவில்லை. 15-ஆவது நிதிக்குழு, ஊராட்சி மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் ஒதுக்கியது. எஞ்சிய 40 விழுக்காட்டிலிருந்து ஓர் எழுத்தருக்குக்கூட ஊதியம் தர அதன் விதி இடம் தரவில்லை.

எனவே உதவித்தொகையையே ஊராட்சி நிதியில் ஏற்றுவது, வரி வருவாய் குறைந்த மலை ஊராட்சிகளைத் தண்டிப்பதாகும். 2023-இல் 1,200 ரூபாயாக உயர்ந்த முதியோர் உதவித்தொகையில், மத்திய அரசுத் திட்டத்தில் உள்ள 80 வயதுக்குட்பட்டோருக்கு மத்திய அரசின் பங்கே 200 ரூபாய்தான். சுமையை மேலும் கீழே தள்ளக் கூடாது. பணம் கருவூலத்திலிருந்தே வரட்டும்; தகுதியை முடிவுசெய்யும் அதிகாரமும் அதற்கான ஊழியர் செலவும் மட்டும் ஊராட்சிக்கு வரட்டும்.

உள்ளூர் செல்வாக்கால் பழங்குடியினர் ஒதுக்கப்படலாம் என்ற அச்சம் நியாயமானதே. அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப்படி பழங்குடிப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடம் தமிழகத்தில் இல்லாததால் 1996-ஆம் ஆண்டின் பழங்குடிப் பகுதி ஊராட்சிச் சட்டத்தின் பாதுகாப்பும் இங்கே கிடையாது. ஆகவே நிராகரிக்கப்படும் ஒவ்வொரு மனுவும் எழுத்துமூலக் காரணத்துடன் வட்டாட்சியரின் மேல்முறையீட்டுக்குத் தானாகச் செல்ல அரசு விதி செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கூடலூர், நீலகிரி