தாவ்சென் மலை வீட்டாருக்கு ஒரு நன்றி மடல்

சீனாவின் குயிசூ மாகாணத்தில், தாவ்சென் மலைச் சிற்றூர் ஒன்றில் என்னை மூன்று நாள் தங்கவைத்த குடும்பத்தாருக்கும், அந்த வீட்டுக் கூடத்தில் நுவோ என்னும் முகமூடிச் சடங்குக் கூத்தை ஆடிய குழுவினருக்கும் என் வணக்கம்.

அதே மாகாணத்துச் சுன்யி நகரில் மருத்துவம் படித்து முடித்து ஊர் திரும்பிவிட்டேன். மடல் இவ்வளவு தாமதமானதற்குப் பொறுத்தருளுங்கள். இதைச் சீனத்திலும் எழுதித் தோழியிடம் கொடுத்திருக்கிறேன். அவள் உங்களுக்குப் படித்துக் காட்டுவாள். உங்கள் கெலாவ் இன மக்களைப் பற்றி எங்கள் பக்கத்தில் அறிந்தவர் மிகக் குறைவு. உங்கள் பெயர் சொல்லாமலேனும் உங்களைப் பற்றி இங்கே நாலு பேருக்குத் தெரியட்டும் என்றுதான் தமிழிலும் எழுதுகிறேன்.

முதல் நன்றி தோழியின் மாமாவுக்கு. நான் வருவதற்கு அவர் உடனே சம்மதிக்கவில்லை. "இது வேடிக்கை அல்ல, தெய்வம் இறங்கும் இடம்" என்று சொல்லி, ஆட்டக்குழுத் தலைவரைக் கேட்டபிறகே அழைத்தார். அந்தத் தயக்கம்தான் நான் எங்கே வருகிறேன் என்பதை எனக்கு உணர்த்தியது. சிறுவயதில் நோயில் வீழ்ந்த பேரனுக்காகப் பாட்டி வேண்டிக்கொண்டதைத் திருப்பிச் செலுத்தும் சடங்கு அது. நேர்த்திக்கடன் என்ற எங்கள் சொல் அப்படியே பொருந்தியது.

தலைவர் ஐயா, முகமூடிப் பெட்டியைத் திறக்கும் முன் நீங்கள் கைகழுவியதைப் பார்த்தேன். முழு ஆட்டத்துக்கு இருபத்து நான்கு முகங்கள், பாதி ஆட்டத்துக்குப் பன்னிரண்டு என்று விளக்கினீர்கள். அணிந்தால் தெய்வம், கழற்றினால் மனிதன். அதனால் விளையாட்டுக்குக்கூட யாரும் முகத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது என்றீர்கள். கலாசாரப் புரட்சிக் காலத்தில் மூடநம்பிக்கை என்று சொல்லி எத்தனையோ ஊர்களில் முகமூடிகளைக் கொளுத்தினார்கள். உங்கள் குருநாதர் மூன்றை மட்டும் உமிக்குள் புதைத்துக் காப்பாற்றினாராம். அவற்றுள் ஒன்றை என் இரு கைகளிலும் வைத்தீர்கள். புகையேறிக் கறுத்த மரம், நினைத்ததைவிட லேசாக இருந்தது. உள்பக்கம் நெற்றி படும் இடம் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தது. எத்தனை பேருடைய வியர்வை அது! அந்த நிமிடத்துக்காக உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மேளம் அடித்த அண்ணனுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். வகுப்பறையில் கற்ற சீனத்தை வைத்துக்கொண்டு உங்கள் மலைப்பேச்சில் பாடியதைப் பாதிகூட என்னால் பிடிக்க முடியவில்லை. தணல் சட்டிக்குப் பக்கத்தில் எனக்கு இடம் கொடுத்து, அடிக்கு அடி நடுவே கதை சொன்னீர்கள். பீடம் திறந்து நுவோ தாத்தாவையும் நுவோ பாட்டியையும் வணங்கியபின், பீச் மலர்க் குகையைத் திறக்க வேண்டும். சாவி தாங் குலத்துக் கிழவியிடம் இருக்கிறது. அவள் மனம் வைத்தால்தான் ஆடும் தெய்வங்கள் வெளியே வரும் என்றீர்கள். கொம்பும் கோரைப்பல்லுமாக மலை பிளக்கும் தளபதி கோடரியோடு பாய்ந்து வந்தபோது நான் பின்வாங்கியதைப் பார்த்து என் தோளைப் பிடித்துக்கொண்டீர்கள். கோணல் வாய் வேலைக்காரன் சின் தொங் வந்தபோது ஊரே சிரித்தது. பகடி புரியாமலே நானும் சிரித்தேன்.

ஊரார் நுவோ ஆடி வந்தபோது கன்பூசியஸ் அரசவை உடையணிந்து கிழக்குப் படியில் நின்றார் என்று பழைய நூல் சொல்கிறது. அவ்வளவு தொன்மையான வழக்கம். கடைசியில் நீதித் தெய்வம் தூரிகையை எடுத்து, வேண்டுதலைக் கணக்கிலிருந்து அடித்து நீக்கியபோது நானும் எழுந்து நின்றுவிட்டேன். பாட்டி பேரனின் தலையில் கை வைத்தபடி அழுதுகொண்டிருந்தார். தெய்வ நம்பிக்கையைப் பற்றி எனக்குத் தனி எண்ணங்கள் உண்டு. ஆனால் நோயாளியின் வீட்டார் ஆண்டுக்கணக்காக நெஞ்சில் சுமக்கும் பயம் இறங்குவதை அன்றுதான் கண்ணால் கண்டேன். எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படிக்காதது அது.

பாட்டி, உங்கள் சாப்பாட்டை மறக்கவே முடியாது. முதலில் தேநீர், அடுத்து மது, கடைசியில் சோறு என்று மூன்று பந்தி. 2014இல் தேசிய மரபுப் பட்டியலில் ஏறிய விருந்து முறை அது என்று தோழி பெருமையோடு சொன்னாள். நான் மது அருந்துவதில்லை என்று சொன்னதும், என் கிண்ணத்தில் எண்ணெய்த் தேநீரை ஊற்றி, இரண்டாம் பந்தியிலும் எல்லோரோடும் என்னை உட்காரவைத்தீர்கள்.

சமையலறையில் இரவு முழுக்கக் கண்விழித்த அத்தைமார்களுக்கும், திரும்பும் நாளில் பஸ் நிறுத்தம்வரை மழையில் என் பையைத் தூக்கி வந்த தம்பிக்கும் நன்றி.

முகமூடி முகத்தில் ஏறியபின் படம் எடுக்கக் கூடாது என்றீர்கள், எடுக்கவில்லை. பந்தியில் எடுத்தவற்றை மட்டும் அச்சிட்டு அனுப்புகிறேன். பாட்டி அடுப்படியில் சிரிக்கும் படத்தில் இரண்டு பிரதிகள் இருக்கும். ஒன்று பாட்டிக்கு. மற்றது மேளக்கார அண்ணன் கேட்டது.