கிளினிக் கொப்பியில குளிசை கூடிக்கொண்டே போகுது, குறைக்கிறதுக்கு ஆர் இருக்கினம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆஸ்பத்திரியில மருந்து இல்லை எண்டு உங்கட பேப்பருக்கு எத்தனையோ பேர் எழுதுகினம், அது உண்மைதான். ஆனா வயசு போன ஆக்களுக்கு மருந்து அளவுக்கு மிஞ்சிப் போறதைப் பற்றி ஒருத்தரும் எழுதுறேல்ல, அதுதான் இந்தக் கடிதம்.

திருகோணமலையில எங்கட ஒழுங்கையில ஒரு அம்மா இருக்கிறா, எழுபது தாண்டிட்டா, பிரஷரும் சீனி வருத்தமும். மாசா மாசம் அரசாங்க கிளினிக், இடையில கால் உளைவெண்டு காசு கட்டி சனல் பண்ணிக் காட்டுற டொக்டர், தடிமன் வந்தா சந்தியில இருக்கிற பார்மசி. அவவின்ர பையைக் கொட்டிப் பார்த்தா கிளினிக்கில குடுத்த லோசாட்டன் எண்ட பிரஷர் குளிசை வெள்ளை உறையில கிடக்குது, சனல் டொக்டர் எழுதினது வேற கொம்பனிப் பேரோட பளபளப்பான அட்டையில கிடக்குது, ரெண்டும் ஒரே மருந்து! ரெண்டையும் காலமை போட்டுட்டு, எழும்பினா தலை சுத்துது எண்டு அதுக்கும் ஒரு குளிசை வாங்கிப் போடுறா. எழுதினவை ஆரும் பிழையா எழுதேல்ல, மொத்தமா என்ன போகுது எண்டு பார்க்கத்தான் ஆள் இல்லை.

இன்னொரு விசயம் இதைவிட அடிக்கடி நடக்குது. பிரஷருக்குக் குடுக்கிற அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலை வீங்கப் பண்ணும். அது மருந்தால வந்த வீக்கம் எண்டு பிடிபடாட்டி, வீக்கத்துக்கெண்டு மூத்திரம் போற குளிசை சேரும், அதால யூரிக் அசிட் கூடி கால் பெருவிரல் நோகத் தொடங்கினா, பார்மசியில டொக்டரின்ர துண்டில்லாமலே டைக்குளோபினாக் எண்ட நோக் குளிசை கைக்கு வந்திடும். லோசாட்டனும் மூத்திரக் குளிசையும் எடுக்கிற ஆளுக்கு மேலால டைக்குளோபினாக்கும் போனா கிட்னிக்கு எவ்வளவு ஆபத்தெண்டு டொக்டர்மாருக்குத் தெரியும், வாங்குற கிழவிக்குத் தெரியுமோ?

வயசு போகப் போக கிட்னி வேலை செய்யிறது குறையும், மருந்து உடம்பில கூட நேரம் நிக்கும். கிளிபென்கிளமைட் மாதிரி சீனிக் குளிசை போட்டுட்டு இரவு சாப்பிடாமப் படுத்தா சீனி இறங்கி மயக்கம் வரலாம். நித்திரைக்கு டயசிபாம் எடுக்கிறவை இரவில பாத்ரூம் போகேக்க விழுந்து இடுப்பெலும்பை முறிக்கினம். தடிமனுக்குப் போடுற பிரிட்டோன் கூட வயசானவைக்கு ஆளைத் தடுமாறப் பண்ணும், மூத்திரத்தை அடைக்கும், மலச்சிக்கல் தரும், வீட்டுக்காரர் என்னடா எண்டா மறதி வருத்தம் வந்திட்டுது எண்டு பயப்பிடுகினம்.

இதெல்லாம் புதுக்கதை இல்லை. வயசானவைக்கு எந்த மருந்தைத் தவிர்க்கோணும் எண்டு அமெரிக்காவில மார்க் பியர்ஸ் எண்ட டொக்டர் 1991இலயே பட்டியல் போட்டவர், அதை 2023இலயும் புதுப்பிச்சிருக்கினம். 2008இல அயர்லாந்தில வந்த ஸ்டொப் ஸ்டார்ட் பட்டியல் நிப்பாட்ட வேண்டியதோட, குடுக்க மறந்த மருந்தையும் பார்க்கச் சொல்லுது. அவ்வளவு தூரம் ஏன் போவான், தேவையில்லாத மருந்தை நாட்டுப் பட்டியலில இருந்தே வெட்டச் சொன்ன மருந்தியல் பேராசிரியர் செனக பிபிலே எங்கட நாட்டு ஆள்தானே.

கிளினிக் டொக்டரையும் பாவம் எண்டுதான் சொல்லோணும். விடியக் காத்தாலையே லைன் நிக்குது, ஒராளுக்கு ரெண்டு மூண்டு நிமிசம், போன மாசப் பக்கத்தைப் பார்த்து அதையே திருப்பி எழுதுறதைத் தவிர என்ன செய்யிறது, அதுக்குள்ள டொக்டருக்குத் தமிழ் விளங்காட்டி அதுவும் இல்லை. அதால நான் கேக்கிறது, கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரியளில 65 தாண்டின ஒவ்வொருத்தருக்கும் வருசத்தில ஒருக்காவது தனியா ஒரு நாள் குடுங்கோ. வெளியில வாங்கினது, நாட்டு மருந்து எல்லாம் பையோட கொண்டரச் சொல்லி, கிட்னி எப்பிடி வேலை செய்யுது எண்டு காட்டுற கிரியாட்டினின் ரிப்போட்டையும் பக்கத்தில வச்சு, இது இன்னும் வேணுமா எண்டு ஒவ்வொண்டாப் பாருங்கோ. கொப்பியின்ர முன்பக்கத்திலயே எல்லா மருந்தையும் எழுதிவிட்டா சனல் டொக்டரும் பார்ப்பார்.

இதை வாசிச்சிட்டு ஆரும் வீட்டில குளிசையை நிப்பாட்டிப் போடாதேங்கோ. அட்டெனலோல் எண்ட பிரஷர் குளிசை, டயசிபாம், ஸ்டீரொயிட் எல்லாம் திடீரெண்டு விட்டா ஆபத்து, டொக்டர்தான் மெல்ல மெல்லக் குறைக்கோணும்.

பார்மசிக்காரரும் உறையில இங்கிலீசில கிறுக்காம, இது பிரஷருக்கு, இது நோவுக்கு எண்டு தமிழில எழுதித் தரோணும், சுகாதாரப் பகுதி இதைக் கட்டாயமாக்கினா நல்லம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருகோணமலை.