டிராக் டே ஓட்டுநர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவும் உறுப்பினர் எண்ணிக்கையும் பொருளாளர் அறிக்கையில் தனியாக வருகின்றன. கூட்ட நடவடிக்கைகள் பதிவேட்டில் இருக்கின்றன. வேண்டியவர்கள் எடுத்துப் பார்க்கலாம். ஆகவே இந்த அறிக்கையில் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் இடம் கொடுத்திருக்கிறேன். டிராக் டேக்கென்று, அதாவது சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் போட்டியில்லாமல் ஓட்டும் நாளுக்கென்று, பழைய ஸ்போர்ட்ஸ் கூப்பே (இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார்) தேடும் உறுப்பினர்களுக்குத் துணை நின்றதும், வாங்கிய பிறகு அதில் எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது என்று வழிகாட்டியதும்தான் இந்த ஆண்டு நம் உழைப்பில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டன. செயற்குழுவில் நாங்கள் எல்லோரும் ஒத்துக்கொண்ட கருத்து இது: பவர் அதிகமுள்ள காரைத் தேடாதீர்கள், உடம்பு கெடாத காரைத் தேடுங்கள். கையில் இருக்கும் பணத்தை முதலில் பிரேக்குக்கும் டயருக்கும் செலவழியுங்கள்.

வாங்குவதற்கு முன்

கார் பார்க்கப் போகும் உறுப்பினருடன் அனுபவமுள்ள இன்னொருவரும் போக வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். அந்த முடிவு வீண்போகவில்லை. வாங்க ஆசைப்பட்டுப் போகிறவர் கதவைத் திறந்து உட்கார்ந்ததுமே மனதைப் பறிகொடுத்துவிடுகிறார். கூடப் போகிறவருக்கு அந்த அவசரம் இல்லை. அவர் குனிந்து அடியில் பார்க்கிறார்.

ஒரு காரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். பெயின்ட் பளபளவென்று இருந்தது, டயர் நான்கும் புதிது. டிராக் பக்கமே போகாத வண்டி என்று விற்பவர் உறுதியாகச் சொன்னார். கூடப் போன நம் ஆள் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பச் சொல்லி, முன் சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தார். உள் லைனிங்கில் சின்னச் சின்னக் கறுப்பு ரப்பர் உருண்டைகள் உருகி ஒட்டியிருந்தன. ரேஸ் டிராக்கின் ஓரத்தில் சேர்ந்து கிடக்கும் ரப்பர் அது; சூடேறிய டயர் அதை வாரி எடுத்து உள்ளே அப்பிவிடும். பிரேக் காலிப்பரில் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் உறை கருகி, விரல் பட்டதும் உதிர்ந்தது. அப்புறம் காரின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரைச் செருகினார். பிழைக் குறியீடு ஒன்றுகூட இல்லை. ஆனால் காரின் கம்ப்யூட்டர் தன்னைத் தானே சோதித்துப் பார்க்கும் மானிட்டர்களில் பல இன்னும் முடியவில்லை என்றே காட்டின. குறியீடுகளை யாராவது அழித்திருந்தாலோ, பேட்டரியைக் கழற்றியிருந்தாலோதான் பெரும்பாலும் அப்படி வரும். நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார்கள்.

டிராக்கில் ஓடிய கார் என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆயிலை நேரத்துக்கு மாற்றி, பில்களைக் கோப்பில் போட்டு வைத்து டிராக்கில் ஓட்டியவரின் காரை, வருடக்கணக்கில் நிறுத்தி வைத்த காரைவிட நான் நம்புவேன். ஆனால் டிராக்கில் ஓட்டியதை மறைக்கிறவர் இன்னும் எதையெல்லாம் மறைத்திருப்பார் என்று யோசிக்கத்தானே வேண்டும்? அன்று கார் பார்க்கப் போன உறுப்பினர் பிறகு வாங்கியது பானெட்டில் நிறம் மங்கிய ஒரு கார். கூடவே தடிமனான ஒரு கோப்பும் வந்தது. இன்று அதுதான் பிரச்சினையில்லாமல் ஓடுகிறது.

இன்ஜினைக் குளிர்ந்த நிலையில்தான் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். நாங்கள் வருவதற்குள் சூடேற்றி வைக்காதீர்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். டைமிங் செயின் சத்தம், நீலப் புகை, தடுமாறும் ஐடிலிங் எல்லாம் முதல் சில வினாடிகளில்தான் வெளிப்படும். இன்ஜினுக்குள் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட்டுக்கு விற்பவர் சம்மதிக்கவில்லையென்றால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம். பெயின்ட் தடிமன் பார்க்கும் கருவியைச் சங்கம் வாங்கி வைத்திருக்கிறது. டிங்கரிங் செய்து புட்டி பூசிய இடத்தை அது காட்டிக்கொடுத்துவிடும். ஃபென்டர் (முன் சக்கரத்தின் மேலுள்ள தகடு) போல்ட்டுகளின் தலையில் பெயின்ட் உரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். உரிந்திருந்தால் ஒருமுறையாவது ஸ்பேனர் பட்டிருக்கிறது.

எந்த மாடல்?

அதிகம் வந்த கேள்வி இதுதான். எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. ஆனால் ஒவ்வொரு மாடலுக்கும் ஊரறிந்த பலவீனம் ஒன்று உண்டு. அதைத் தெரிந்துகொண்டு போனால் பாதி வேலை முடிந்த மாதிரி.

2012-இல் வந்த டொயோட்டா 86, அதன் இரட்டையான சுபாரு பிஆர்இசட் இரண்டும் புதியவர்களுக்கு நான் முதலில் சொல்லும் கார்கள். 2 லிட்டர் பாக்ஸர் இன்ஜின் (பிஸ்டன்கள் இருபக்கமும் படுத்த நிலையில் இயங்குவது), சுமார் 200 குதிரைத்திறன், எடை 1,250 கிலோவை ஒட்டி. எடை குறைவு என்பதால் பிரேக்கும் டயரும் நீடித்து உழைக்கும். ஆரம்பகால கார்களுக்கு வால்வு ஸ்பிரிங் தொடர்பான ரீகால் (கம்பெனியே காரைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வது) ஒன்று அறிவிக்கப்பட்டது. அந்த வேலை நடந்ததா, நடந்த பிறகு எவ்வளவு ஓடியிருக்கிறது என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

மஸ்டா ஆர்எக்ஸ்-8 ஓட்டுவதற்கு அருமையான கார், விலையும் ஆசை காட்டும். ஆனால் பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் அதன் ரோட்டரி இன்ஜினைச் சாதாரணக் கம்ப்ரஷன் கேஜ் வைத்துச் சரியாகச் சோதிக்க முடியாது. ஒவ்வொரு ரோட்டரின் மூன்று முகங்களையும் தனித்தனியாகக் காட்டும் கருவி வேண்டும். சூடாக இருக்கும்போது நிறுத்திவிட்டு உடனே ஸ்டார்ட் செய்து பாருங்கள். இழுத்துக்கொண்டே இருந்தால் கம்ப்ரஷன் போய்விட்டது என்று சந்தேகப்படலாம்.

பிஎம்டபிள்யூ இ46 எம்3 கேட்டவர்களிடம், டிரங்குக்கு அடியில் பின் சப்ஃபிரேம் (பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டம்) பொருந்தும் தகட்டில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள் என்று சொன்னோம். கான்ராட் பேரிங்கும் (பிஸ்டன் தண்டு கிராங்க்கோடு சேரும் இடத்து பேரிங்) அந்த இன்ஜினில் கவனிக்க வேண்டிய இடம். போர்ஷே கேமன் வேண்டுமென்றால், பழைய இன்ஜினின் பலவீனமான இன்டர்மீடியட் ஷாஃப்ட் பேரிங்கே இல்லாத புது இன்ஜின் வந்த 2009 மாடலிலிருந்து தேடுவது மனநிம்மதி. நிஸ்ஸான் 370இசட்டில் நல்ல பவர் இருக்கிறது, ஆனால் ஆயில் கூலர் இல்லாத கார்களில் சில லேப்களிலேயே (டிராக்கை ஒருமுறை சுற்றுவது ஒரு லேப்) இன்ஜின் ஆயில் அளவுக்கு மீறிச் சூடாகி, கம்ப்யூட்டர் தானாகவே பவரைக் குறைத்துவிடும்.

முன்பே யாரோ ஏகப்பட்ட பாகங்களை மாற்றிய கார் மலிவாகக் கிடைக்கிறது என்று ஆசைப்பட்டவர்களும் உண்டு. எந்த பாகம், யார் பொருத்தியது, இன்ஜின் கம்ப்யூட்டருக்கான அமைப்புக் கோப்பு (டியூன் ஃபைல்) யாரிடம் இருக்கிறது என்று தெரியாத கார் அது. கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் கார், கொஞ்சம் விலை கூடினாலும், கடைசியில் செலவு குறைவு.

வாங்கிய பிறகு: பிரேக்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். 1,300 கிலோ எடையுள்ள கார் நேர்பாதையின் முடிவில் மணிக்கு 180 கிலோமீட்டரிலிருந்து 80-க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரே மிதியில் பிரேக் சுமார் 13 லட்சம் ஜூல் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. அறை வெப்பத்தில் இருக்கும் நாலு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகிற வெப்பம் அது. அடுத்த வளைவு வந்துவிடும், இன்னொரு மிதி. ஒரு லேப் முழுக்க இப்படித்தான்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். டாட் 4 ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய நிலையில் தரநிலை கேட்பது 155 டிகிரிதான். எத்தனை வருடம் முன்பு ஊற்றியது என்று தெரியாத ஆயிலோடு பழைய கார் டிராக்குக்குப் போனால் அந்த 155-ஐ நோக்கித்தான் போகிறது. காலிப்பருக்குள் ஆயில் கொதித்தால் ஆவிக்குமிழி உண்டாகும். ஆயிலை நசுக்க முடியாது, ஆவியை நசுக்கலாம். பெடல் தரைவரை இறங்கும், கார் நிற்காது. ஆகவே எந்தக் காராக இருந்தாலும் முதல் டிராக் டேக்கு முன்பு கொதிநிலை அதிகமுள்ள டாட் 4 அல்லது 5.1 ஆயிலை முழுதாக மாற்றி, நான்கு சக்கரத்தின் பிரேக் குழாயிலும் சிக்கிய காற்றை வெளியேற்றிவிட்டு வர வேண்டும். டாட் 5 என்பது சிலிகான் ஆயில், அது வேறு. பெயர் ஒத்துப்போகிறது என்று அதை ஊற்றிவிடாதீர்கள்.

ஆயிலுக்கு அடுத்தது பேட், அதாவது டிஸ்க்கை உரசிப் பிடிக்கும் கட்டை. டிஸ்க்கையும் காலிப்பரையும் பெரிதாக்கும் கிட் இப்போதைக்குத் தேவையில்லை. சாலைக்கான பேட் சூடேறினால் உராய்வை இழந்துவிடும்: பெடல் கெட்டியாகவே இருக்கும், கார் மட்டும் நிற்காது. கொதித்த ஆயிலுக்கும் சோர்ந்த பேடுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தைக் காலிலேயே உணரப் பழகுங்கள். டிராக் பேட் போட்டால் சத்தம் வரும், தூசி கொட்டும், குளிர்ந்த நிலையில் பிடிப்பு குறைவாக இருக்கும். தினமும் ஓட்டும் காரென்றால் டிராக் டேக்கு முந்தின நாள் மாற்றிப் போடுவதுதான் நல்லது. செஷன் (ஒரு சுற்று ஓட்ட நேரம்) முடிந்து பிட்டுக்கு, அதாவது டிராக்கை ஒட்டிய நிறுத்துமிடத்துக்கு, வந்ததும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், பெடலையும் மிதித்துக்கொண்டு நிற்காதீர்கள். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். கடைசி லேப்பை மெதுவாக ஓட்டி ஆற வைப்பது கட்டாயம்.

டயர், கேம்பர், சூடு

டயரின் பக்கச்சுவரில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் படிக்க எல்லோருக்கும் தெரிய வேண்டும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. பட்டன் (தரையைத் தொடும் வெட்டுகள்) நன்றாக இருந்தாலும் வயதான ரப்பர் கெட்டித்துப் போயிருக்கும்.

முன்பக்கம் மக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஒருவகை சஸ்பென்ஷன்) உள்ள கார்களில் வளைவில் உடல் சாயச் சாய டயர் வெளி ஓரத்தில் ஏறி நிற்கும். டயரின் தோளில் சாக்பீஸால் குறுக்குக் கோடு போட்டுவிட்டு ஒரு செஷன் ஓட்டிப் பாருங்கள். கோடு எதுவரை அழிந்திருக்கிறதோ அதுவரை டயர் மடிந்திருக்கிறது. பக்கச்சுவர் வரைக்கும் அழிந்திருந்தால் காற்று போதவில்லை, அல்லது கேம்பர், அதாவது சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம், போதவில்லை. கேம்பர் பிளேட்டோ போல்ட்டோ போட்டு முன்பக்கம் மைனஸ் 2 முதல் 3 டிகிரி வரை வைத்தவர்களுக்கு டயர் சீராகத் தேய்ந்தது, காரும் சொன்ன பேச்சைக் கேட்டது. காற்றழுத்தத்தைக் குளிரில் வைத்துவிட்டு மறந்துவிடக் கூடாது. ஓட்ட ஓட்ட ஏறும். வந்ததும் சூட்டோடு அளந்து குறைக்க வேண்டும்.

இன்ஜின் ஆயில் டெம்பரேச்சர் கேஜ் இல்லாத காரில் அதைப் பொருத்துவது எந்தப் பவர் கிட்டையும்விட முக்கியம். 130 டிகிரியைத் தாண்டினால் வேகத்தைக் குறைத்து ஆற விடுங்கள். அது அடிக்கடி நடந்தால் கூலர் போட வேண்டிய நேரம்.

இன்ஜின் பவரைக் கூட்டுவது பற்றிச் செயற்குழுவில் காரசாரமாகவே பேசினோம். இன்ஜின் பவரைக் கூட்டும் டர்போ கிட் போட்ட உறுப்பினர்கள் சிலருக்கு நம் நிலைப்பாடு வருத்தம் தந்திருக்கிறது. அது எனக்குத் தெரியும். அவர்கள் மேல் எந்தக் குறையும் இல்லை. ஆனால் பவர் கூடினால் வெப்பம் கூடும், கிளட்ச் தேயும், நேர்பாதை முடிவில் வேகம் கூடி மறுபடியும் பிரேக்கில்தான் வந்து நிற்கும். புதிதாகச் சேர்கிறவர் பயிற்சியாளர் கையெழுத்திடும்வரை இன்ஜினைத் தொடக் கூடாது என்ற விதியை அதனால்தான் பரிந்துரைத்தோம். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பயிற்சியாளர் சொல்லிக்கொடுக்கும் ஒரு நாளுக்கு ஈடான பாகம் எந்தக் கடையிலும் கிடையாது.

பாதுகாப்பு

டிராக்கில் இறங்குமுன் நடக்கும் பரிசோதனையில் காரைத் திருப்பி அனுப்பியதற்குச் சின்ன விஷயங்களே காரணம்: சரியாகக் கட்டப்படாத பேட்டரி, ஆயில் கசிவு, காரினுள் உருளும் தண்ணீர் பாட்டில். ஒவ்வொரு செஷனுக்குப் பிறகும் வீல் நட்டை, சக்கரம் ஆறியதும், டார்க் ரெஞ்ச் (நட்டு எவ்வளவு இறுகியிருக்கிறது என்று காட்டும் ஸ்பேனர்) வைத்துச் சரிபார்க்க வேண்டும். ஹெல்மெட்டில் கார் பந்தயத்துக்கான பாதுகாப்புத் தரமான ஸ்னெல் எஸ்ஏ முத்திரை பாருங்கள். பைக்குக்கான எம் முத்திரைக்குத் தீ தாங்கும் சோதனை இல்லை. சாலையில் ஹெல்மெட் இல்லாமல் ஓட்டும் காரில் ரோல் கேஜ் (காருக்குள் பொருத்தும் இரும்புக் குழாய்க் கூண்டு) போடாதீர்கள். சின்ன மோதலிலும் தலை குழாயில் அடிபடும். காரின் சொந்த சீட்டோடு நாலு முனை ஹார்னஸ் (நான்கு இடத்தில் கட்டும் பந்தய சீட் பெல்ட்) மட்டும் கட்டுவதையும் பரிசோதனைக் குழு ஏற்றுக்கொள்ளாது. மோதலில் உடம்பு பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிப் போய்விடும்.

டிராக்கில் காட்டும் கொடிகளின் அர்த்தம் சொல்லித்தரும் கொடிப் பயிற்சிக்கு வராதவர்கள் அடுத்த முறை டிராக்கில் இறங்க முடியாது. கறுப்பில் ஆரஞ்சு வட்டமுள்ள கொடி காட்டினால் உங்கள் காரில் ஏதோ கோளாறு, உடனே பிட்டுக்கு வரவேண்டும் என்று அர்த்தம். மஞ்சள் சிவப்புப் பட்டை என்றால் பாதையில் வழுக்கல்.

பெரும்பாலான கார் இன்ஷூரன்ஸ் டிராக்கில் நடக்கும் சேதத்துக்குப் பணம் தராது. உங்கள் பாலிசியை வீட்டில் எடுத்து ஒருமுறை படித்துவிடுங்கள்.

அடுத்த ஆண்டுக்கு

மூன்று தீர்மானங்களைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். கார் பார்க்கக் கூடப் போகும் குழுவை நிரந்தரமாக்குவது முதலாவது. புதிய உறுப்பினருக்கான இன்ஜின் விதி இரண்டாவது. அதன் மேல் விவாதத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்கக் கோருகிறேன். மூன்றாவதாக, ரோட்டரி கம்ப்ரஷன் கருவி ஒன்றும் இன்னொரு டார்க் ரெஞ்சும் வாங்க ஒப்புதல் வேண்டும். இப்போதிருக்கும் ஒரே ரெஞ்சுக்குப் பிட்டில் வரிசை நிற்கிறது.

வெயிலிலும் மழையிலும் கொடி பிடித்து நின்றவர்களுக்கும், தங்கள் விடுமுறை நாளை இன்னொருவரின் காருக்கு அடியில் படுத்துக் கழித்தவர்களுக்கும் சங்கத்தின் சார்பில் மனமார்ந்த நன்றி. இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்