மைசரும் ஜெனரஸும்

மயிலாப்பூர், சென்னை

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாய், மகிழ்ச்சி. இங்கே எங்கள் அடுக்ககத்தில் தண்ணீர் மோட்டார் பழுதாகி, யார் எவ்வளவு கொடுப்பது என்று ஒரே சண்டை. இரண்டாம் மாடிக்காரரை ஒருவர் ஆங்கிலத்தில் 'மைசர்', அதாவது கருமி, என்று வைதுவிட்டார். 'எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவன்' என்று தமிழில் சொல்லியிருந்தால் கைகலப்பாகியிருக்கும்.

அன்று முதல் அகராதியும் கையுமாக இருக்கிறேன். ஆங்கிலம் நடத்திய வாத்தியார் நீ, உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

லத்தீன் மொழியில் 'மிசர்' என்றால் துன்பப்படுபவன், பாவப்பட்டவன். மிசரி, மிசரபிள் எல்லாம் அதன் உறவுக்காரச் சொற்களே. காசை வைத்துக்கொண்டு உண்ணாமல் உடுத்தாமல் கிடப்பவனைப் பார்த்து, இவனைவிடப் பாவப்பட்டவன் யார் என்று அந்தப் பெயரை அவனுக்கே கொடுத்துவிட்டார்கள். வடமொழியிலும் இதே கதைதான்: கிருபணன் என்றால் இரங்கத்தக்கவன், கருமி இருவரும். வள்ளுவருக்கு மட்டும் இரக்கம் வரவில்லை. தாடையை உடைக்க வருகிறவனுக்கே தவிர மற்றவர்க்கு ஈரக்கையைக்கூட உதறமாட்டார்கள் கயவர்கள் என்கிறார் (குறள் 1077). நம் காக்காய்ப் பழமொழிக்கு அதுதான் தாத்தா என்று நினைக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது 'ஸ்கின்ஃபிளிண்ட்'. சிக்கிமுக்கிக் கல்லைக்கூடத் தோலுரித்துக் காசு பார்க்கிறவன். நாமும் கல்லில் நார் உரிப்பது என்கிறோம். ஆனால் நம் ஊரில் கருமிதான் கல், நன்கொடை கேட்டுப் போகும் நாம்தான் நார் உரிக்கிறோம்!

கஞ்சத்தனமான என்று பொருள்படும் 'நிக்கர்ட்லி' என்ற சொல்லைப் பொது இடத்தில் சொல்லிவிடாதே. 1999-இல் வாஷிங்டன் நகர மேயரின் உதவியாளர் ஒருவர் நிதி ஒதுக்கீட்டைப் பற்றிப் பேசும்போது அதைச் சொன்னார். கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல்லைப் போலக் காதில் விழுந்ததால் பதவி விலக நேர்ந்தது. உண்மையில் இதன் வேர் ஸ்காண்டிநேவிய மொழிகளில் இருக்கிறது, இரண்டுக்கும் உறவே இல்லை. மேயர் பிறகு அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார். இருந்தாலும், கேட்பவர் மனம் நோகும் என்றால் வேர்ச்சொல் ஆராய்ச்சி எதற்கு?

என்னை உறுத்துவது தாராள மனத்தைச் சொல்லும் 'ஜெனரஸ்'. குலம் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. உயர்குடியில் பிறந்தவன் என்பதே பழைய பொருள். ஷேக்ஸ்பியர் காலத்திலும் அந்தப் பொருள் வழக்கில் இருந்தது. தாராளத்துக்கான இன்னொரு சொல்லான 'லிபரல்' என்பதோ, வேர்ப்பொருளில் அடிமையல்லாதவனுக்குரிய குணம். ஆக, கொடுக்கும் கை பெரிய வீட்டில்தான் பிறக்கும் என்பது அவர்கள் எண்ணம். ஔவை இதை அப்படியே தலைகீழாக்கிவிட்டாள் பார்: 'இட்டார் பெரியோர் இடாதார் இழிகுலத்தோர்'. கொடுத்தால்தான் குலம்! இந்த இடத்தில் நான் ஔவை கட்சி. நாம் படித்த கல்லூரியையே எடுத்துக்கொள். பச்சையப்ப முதலியார் வறிய குடும்பத்தில் பிறந்து, வெள்ளைக்காரர்களுக்கு மொழிபெயர்ப்பாளரும் தரகருமான துபாஷியாகிப் பொருள் சேர்த்து, 1794-இல் இறந்தார். தருமத்துக்கென்று அவர் விட்டுச்சென்ற சொத்து வழக்குகளில் சிக்கி மீண்ட பிறகு, 1842-இல் அதிலிருந்து பள்ளிக்கூடம் எழுந்தது. எந்த உயர்குடி?

இன்னொன்று, வாரி வழங்குவதைச் சொல்லும் 'லாவிஷ்'. பழைய பிரெஞ்சில் கொட்டித் தீர்க்கும் மழைக்குச் சொன்ன சொல்லிலிருந்து வந்ததாம். கைம்மாறு வேண்டாத மாரி என்று வள்ளுவர் பாடியதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, மழை போல் அள்ளிக் கொடு என்று வேளச்சேரிக்காரர் எவரிடமும் சொல்ல எனக்குத் துணிவில்லை.

உங்கள் திருநெல்வேலிப் பக்கம் கருமியை என்னென்ன சொல்லித் திட்டுவார்கள்? அச்சில் வராதவையாக இருந்தாலும் பரவாயில்லை, எழுது. மார்கழிக் கச்சேரிகளுக்கு வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல், டிக்கெட் எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்