உன் அப்பாவின் எம்ஜிபியில் கை வைக்கும் முன்

அன்பு மகளுக்கு,

சித்தப்பா எழுதுகிறேன். போன வாரம் நீ அனுப்பிய நீளமான செய்தியை நாலைந்து முறை படித்துவிட்டேன். போனிலேயே பதில் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று கைக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரு கட்டத்தில் இதே கேள்வியில் வந்து நிற்கிறார்கள். அதனால் உனக்கு எழுதுவதை நாலு பேர் படிக்கிற மாதிரி இங்கேயே எழுதுகிறேன். உன் பெயரை எங்கும் போடவில்லை.

அப்பாவின் எம்ஜிபிக்கு, அதாவது கூரை இல்லாத அந்தப் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்கு, இரண்டு யோசனை சொல்லியிருந்தாய். ஒன்று, இருக்கிற எஞ்சினை இறக்கிவிட்டு ரோவர் வி8 என்ற எட்டு சிலிண்டர் எஞ்சினை ஏற்றுவது. சஸ்பென்ஷன், பிரேக், சீட் எல்லாமே புதுசு. இன்னொன்று அதற்கு நேர்மாறு. கடைசி ஸ்க்ரூ வரை கழற்றி, 1968-ல் இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையை விட்டு வெளியே வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே ஆக்குவது. எது சரி என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு இரண்டும் வேண்டாம் என்பதுதான் என் பதில்.

வண்டி சோம்பலாக இருக்கிறது, மிதித்தால் ஒரு கணம் முக்கிவிட்டுத்தான் நகர்கிறது, மேடு பள்ளத்தில் படகு மாதிரி ஆடுகிறது என்று எழுதியிருந்தாய். அது எம்ஜிபியின் குணம் இல்லை அம்மாடி. ஐந்து வருஷம் ஷெட்டில் நின்ற வண்டியின் குணம்.

பானெட்டைத் திற. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் எஸ்யூ கார்புரேட்டர்கள் இரண்டு பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒவ்வொன்றின் தலையிலும் மணியைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஓர் அலுமினியக் கூடு. அதன் உச்சியில் இருக்கும் மூடியைக் கையாலேயே திருகி மேலே தூக்கு. மூடியோடு ஒரு மெல்லிய கம்பியும், அதன் நுனியில் குட்டி பிஸ்டன் ஒன்றும் வரும். தூக்கும்போது யாரோ கீழேயிருந்து பிடித்து இழுக்கிற மாதிரி ஒரு தடை தெரிய வேண்டும். தெரியாமல் சும்மா வந்துவிட்டால் உள்ளே எண்ணெய் வற்றிவிட்டது என்று அர்த்தம். ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் கூட்டுக்குள் இருக்கும் பெரிய பிஸ்டன் எழும்பிக் காற்றுக்கு வழி விடும். அது தாவி எழும்பிவிடாமல் பிடித்து வைப்பது அந்த எண்ணெய்தான். பிடித்து வைத்தால் அந்த ஒரு நொடி கலவையில் பெட்ரோல் தூக்கலாகி எஞ்சின் இழுக்கும். எண்ணெய் இல்லாவிட்டால் காற்று முந்திக்கொள்ளும், எஞ்சின் முக்கும். நீ சொன்னாயே, அதே முக்கல். சில சொட்டு எண்ணெயில் தீருகிற குறைக்காக எஞ்சினையே மாற்றத் துணிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆட்டத்துக்கும் காரணம் இப்படித்தான் இருக்கும். இந்த வண்டியில் இருப்பது லீவர் ஆர்ம் ஷாக் அப்சார்பர். இன்றைய வண்டிகளில் இருப்பதுபோல் குழாய் மாதிரி நீளமாக இருக்காது. ஒரு பெட்டியும் அதிலிருந்து நீளும் கையுமாக இருக்கும். முன்பக்கம் அந்தக் கைதான் சஸ்பென்ஷனின் மேல் கையாகவும் வேலை செய்கிறது. பெட்டிக்குள் எண்ணெய் இருக்கும்வரை அது அடக்கமாக வேலை செய்யும். சீல் தேய்ந்து எண்ணெய் வழிந்துவிட்டால் பெயருக்குத்தான் ஷாக் அப்சார்பர். கீழே குனிந்து பார், பெட்டியைச் சுற்றிப் புழுதியும் எண்ணெயுமாக அப்பியிருந்தால் அதுதான் விஷயம். புதுப்பித்த ஜோடி ஒன்று மாட்டிவிட்டு ஓட்டிப் பார்த்தபின் பேசு.

வால்வ் இடைவெளி சரியா, டயர் எந்த வருஷத்தது, இதையெல்லாம் பார்க்க ஒரு வார இறுதி போதும். தேய்ந்து நொந்துபோன பழசைப் புத்தம் புதுசோடு ஒப்பிட்டால் புதுசுதான் எப்போதும் ஜெயிக்கும். அந்த ஒப்பீடு நியாயமே இல்லை. ஒழுங்காக டியூன் செய்த 1798 சிசி எஞ்சினை நீ இன்னும் ஓட்டியதே இல்லை. சின்ன வயதில் அப்பா மடியில் உட்கார்ந்து போனது கணக்கில் வராது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. நானும் ஓர் எம்ஜிபி ஜிடி, அதாவது இதே வண்டியின் கூரை வைத்த வகை, வைத்திருந்தேன், உனக்கு நினைவிருக்காது. இருபத்தாறு வயதில் ரேஸ் வண்டிகளின் படங்களைப் பார்த்துப் பார்த்து, அகலமான சக்கரம் போட ஆசைப்பட்டேன். சக்கரம் உள்ளே அடங்காது என்பதால் பின்பக்கத்து சக்கர வளைவுகளை கிரைண்டர் வைத்து வெட்டினேன். முதல் வெட்டில் பெயிண்ட் கருகும் வாசனை வந்தது. அதன் அடியில் வெள்ளி மாதிரி பளிச்சென்று தகடு தெரிந்தது. அதுவரை ஒரு சொட்டுத் துருகூட அதைத் தொட்டதில்லை. வெளித்தகடும் உள்தகடும் சேரும் விளிம்பை நானே பிளந்துவிட்டு, மேலே ஃபைபர் வளைவை ஒட்டி, பட்டி பார்த்து மூடினேன். ஸ்டியரிங் கனத்துப் போனது. ரோட்டில் இருந்த ஒவ்வொரு வரிப்பள்ளமும் வண்டியைத் தன் பக்கம் இழுத்தது. இரண்டு மழைக்காலம் முடிவதற்குள் அந்த விளிம்பில் புகுந்த தண்ணீர் உள்ளிருந்து தகட்டைத் தின்றுவிட்டது.

அண்ணன் வந்து பார்த்தார். திட்டவில்லை. வெட்டிய விளிம்பில் கட்டைவிரலை வைத்து ஒரு முனையிலிருந்து மறு முனைவரை தடவிக்கொண்டே போனார். அப்புறம் கழற்றிய வயர் வீல்கள், அந்தக் கம்பி ஆரச் சக்கரங்கள், எங்கே என்று மட்டும் கேட்டார். விற்றுவிட்டேன் என்றேன். இன்றைக்கும் அந்தக் கட்டைவிரல் என் கண்ணிலேயே நிற்கிறது.

ஆகவே வி8 பற்றி. அது கெட்ட எஞ்சின் என்று நான் சொல்ல மாட்டேன். அலுமினிய எஞ்சின், 3528 சிசி. இரும்பில் வார்த்த நம் நாலு சிலிண்டரோடு வைத்துப் பார்த்தால் எடையிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆலையே 1973 முதல் 1976 வரை அதை ஜிடி உடலில் வைத்து 2,591 வண்டிகள் செய்தது. ஆனால் கூரை இல்லாத வண்டியில் அந்தக் காலத்தில் வைக்கவில்லை. 1990களில் ஆர்வி8 என்ற கூரையில்லாத வி8 வண்டி வரும்வரை. உன் வண்டி மாதிரி குரோம் பம்பர் காலத்து உடலில் அந்த எஞ்சினும் அதன் புகை வெளியேறும் குழாய்த் தொகுப்பான மேனிஃபோல்டும் உட்கார வேண்டுமென்றால், எஞ்சின் அறையின் பக்கத் தகடுகளை வெட்டியோ அடித்து வளைத்தோ இடம் பண்ண வேண்டும். அங்கேதான் எனக்கு வயிறு கலங்குகிறது. போல்ட் போட்டு மாட்டியதை எவரும் பிறகு கழற்றலாம். கிரைண்டர் போன வழியில் யாரும் திரும்ப முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது, இது ஆசை சம்பந்தப்பட்டதே இல்லை. இந்த வண்டிக்கு எல்லாவற்றையும் தாங்கும் அடிச்சட்டமாகத் தனியாக சேஸிஸ் கிடையாது. கூரையும் இல்லை. கதவுக்கு அடியில் ஓடும் சில் பகுதிதான் முதுகெலும்பு. அடுக்கடுக்காகத் தகடு வைத்துச் செய்த பெட்டி அது. வெளியே பெயிண்ட் மினுங்கும்போதே உள்ளே உதிர்ந்துபோயிருக்கலாம். வண்டியை ஒரு பக்கம் ஜாக்கியில் ஏற்றிவிட்டு அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து மூடிப் பார். மேல் இடைவெளி குறுகி, கதவு பிடித்தால் எஞ்சின் பேச்சையே எடுக்காதே. முதலில் வெல்டிங். நல்லவேளையாக இந்த வண்டிக்குத் தகடு கிடைப்பதில் கஷ்டமில்லை. 1988 முதல் பழைய ஆலை அச்சுகளை வைத்தே முழு பாடியும் புதிதாக அடித்துத் தருகிறார்கள்.

சரி, உன் இரண்டாவது யோசனைக்கு வருகிறேன். முழுக்க ஒரிஜினல். கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் எந்த ஒரிஜினல்?

எம்ஜி வண்டிகளின் தயாரிப்புப் பதிவேடுகள் இங்கிலாந்தில் கேடன் என்ற ஊரில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் பத்திரமாக இருக்கின்றன. வண்டியின் அடையாள எண்ணான சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால் எந்தத் தேதியில் செய்தது, என்ன நிறம், என்ன எஞ்சின் எண் என்று சான்றிதழ் அனுப்புவார்கள். அண்ணன் அதை வாங்கி வைத்திருந்தார், எனக்குக் காட்டியிருக்கிறார். வண்டி ஆலையை விட்டு வரும்போது வெள்ளை. நீ பிறந்ததிலிருந்து பார்த்த பச்சை, அவருக்கு முந்தின சொந்தக்காரர் அடித்தது. ஆலை நிலைக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் முதலில் போவது அந்தப் பச்சைதான். டேஷ்போர்டில் ரேடியோவுக்குப் பக்கத்தில் ஒரு பித்தளை சுவிட்ச் இருக்கிறதே, அதுவும் போக வேண்டும். இரவுப் பயணத்தில் மேப் படிக்க உன் அம்மாவுக்காக ஒரு சின்ன விளக்கு வைத்து, அதற்காக அவர் போட்ட ஓட்டை அது. இந்த ஓட்டையும் திரும்ப அடையாததுதான். ஆனாலும் அதை மூடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பழைய வண்டிகளின் உலகமே இந்த விஷயத்தில் கொஞ்சம் மாறியிருக்கிறது. 2024-ல் அமெரிக்காவில் பழைய கார்களுக்காக நடக்கும் பெபிள் பீச் போட்டியின் ஒட்டுமொத்த முதல் பரிசு, 1934-ம் வருஷத்து புகாட்டி டைப் 59 ஒன்றுக்குப் போனது. பழமை கலையாமல் காத்த வண்டிகளுக்கான பிரிவிலிருந்து ஒன்று அந்தப் பரிசை வாங்கியது அதுவே முதல் முறை. அந்த வண்டியின் கதையைப் பார். கிராண்ட் பிரி ரேஸ் காராகப் பிறந்தது. பிறகு ஸ்போர்ட்ஸ் காராக மாற்றினார்கள். பெல்ஜியத்து மன்னர் மூன்றாம் லியோபோல்ட் வாங்கி, கறுப்படித்து மஞ்சள் கோடு போட்டார். பிறந்த அன்றைய நிலைக்குக் கொண்டுபோகிறேன் என்று யாராவது கிளம்பியிருந்தால் அந்தக் கறுப்பும் மஞ்சளும் சுரண்டிப் போயிருக்கும். விட்டு வைத்தார்கள். வாழ்ந்த அடையாளம் முழுக்க அதன் மேலேயே இருக்கிறது.

1966-ல் தொடங்கிய பழைய வண்டிகளுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு ஃபிவா, டூரின் சாசனம் என்று ஒன்று வைத்திருக்கிறது. வண்டியின் வாழ்நாளில் நடந்த மாற்றங்களும் அதன் வரலாறுதான் என்பது அதன் நோக்கு. பின்னாளில் செய்கிற மாற்றம் அடக்கமாக இருக்க வேண்டும், திரும்ப மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும், கழற்றிய முக்கிய பாகங்கள் வண்டியோடேயே இருக்க வேண்டும் என்கிறது. படித்தபோது எனக்கு அண்ணன் ஞாபகம்தான் வந்தது. எந்தச் சாசனமும் படிக்காமல் அவர் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்.

மாற்றவே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. ஆபிங்டனிலேயே ஸ்பெஷல் டியூனிங் என்று தனிப் பிரிவு வைத்து, வேகம் வேண்டுகிறவர்களுக்குப் பாகங்கள் விற்றார்கள். மாற்றுவது இந்த வண்டியின் ரத்தத்திலேயே இருக்கிறது. பிரேக் விஷயத்தில் யோசிக்கவே யோசிக்காதே: ஒற்றை சர்க்யூட் என்றால் ஓர் இடத்தில் கசிந்தாலும் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். இரட்டை சர்க்யூட் போடு. மூன்று முனை சீட் பெல்ட் போடு. நெடுந்தூரம் போகும்போது எஞ்சின் கத்துகிறது என்றால் அதே வேகத்தில் எஞ்சினை மெதுவாகச் சுற்றவிடும் லேகாக் ஓவர்டிரைவ் கியர்பாக்ஸ் ஒன்று தேடு. அந்தக் காலத்தில் ஆலையே கூடுதல் வசதியாகக் கொடுத்ததுதான், மூன்றாவது நான்காவது கியரில் வேலை செய்யும். எலக்ட்ரானிக் இக்னிஷன் ஏற்கெனவே இருக்கிறது, அண்ணன் போட்டார். சீட்டுக்குப் பின்னால் இருந்த இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளுக்குப் பதில் ஒற்றை 12 வோல்ட் வைத்ததும் அவர்தான். தகட்டில் எதையும் வெட்டவில்லை.

ஒரு வருஷம் ஓட்டு. வெயிலில், மழையில், தனியாக, அம்மாவை உட்காரவைத்துக்கொண்டு. அதற்குப் பிறகும் வி8 வேண்டும் என்று தோன்றினால் என்னிடம் வா, அதற்கென்றே அமைந்த பிந்திய உடல் ஒன்றை இரண்டு பேருமாகத் தேடுவோம். அதில் எஞ்சினை ஏற்ற நானே கூட நிற்கிறேன்.

அடுத்த ஞாயிறு காலை வருகிறேன். அதற்குள் ஷெட்டின் பின் சுவரில், மேல் தட்டில் இருக்கும் மரப்பெட்டியை இறக்கி வை. கனமாக இருக்கும், யாரையாவது துணைக்குக் கூப்பிட்டுக்கொள். உள்ளே, எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டபோது கழற்றிய சிபி பாயிண்டும் கண்டென்சரும் துணியில் சுற்றியிருக்கும். பேட்டரிப் பட்டைகள், பழைய ஸ்டியரிங் வீல், முன்பக்கத்து மூல ஸ்பிரிங், ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய அட்டை இருக்கும். எந்தத் தேதி கழற்றினேன், எதற்காகக் கழற்றினேன் என்று அவர் கையெழுத்தில் எழுதியிருப்பார். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு முழ நீளத்தில் கறுப்பு ரப்பர் குழாய் ஒன்று கிடக்கும். ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டர் வாயிலும் மாற்றி மாற்றிப் பிடித்து, இரண்டு சீறலும் ஒன்றாகும்வரை கண்ணை மூடிக்கொண்டு திருகிக்கொண்டே இருப்பார். அதை மட்டும் துடைத்து வெளியே எடுத்து வை.

அன்புடன்,
சித்தப்பா