குழம்புக்குக் குழி

ஆம்ஸ்டர்டாம்,
நவம்பர் 24

அன்புள்ள ராசாவுக்கு,

அம்மா எழுதுவது. அக்காவும் பிள்ளையும் நலம். உன் மருமகள் இப்போது விளக்கைப் பார்த்துச் சிரிக்கிறாள். ராத்திரியில்தான் யாரையும் தூங்கவிடுவதில்லை.

போன வாரம் போனில், "இந்த ஊர்க்காரங்களுக்குச் சாப்பிடவே தெரியாதும்மா, ரொட்டியும் சீஸும்தான்" என்றாயே, அது மனசிலேயே நிற்கிறது. அதனால்தான் நீ இருக்கும் க்ரோனிங்கன் ஊரில் மூன்று மாதமாக நூடுல்ஸிலேயே ஓட்டுகிறாய் என்றால் அம்மாவால் ஒத்துக்கொள்ள முடியாது. நேற்று நான் சாப்பிட்டதைச் சொல்கிறேன், கேள்.

அத்தான் எங்களை ரோசன்கிராக்ட் தெருவில் ஒரு சின்னக் கடைக்குக் கூட்டிப் போனார். பேர் 'மூதெர்ஸ்'. அம்மாக்கள் என்று அர்த்தமாம். சுவர் முழுக்க அம்மாக்கள் படம்தான். சாப்பிட வருகிறவர்கள் தங்கள் அம்மா படத்தைக் கொடுத்தால் மாட்டிவிடுவார்களாம். 1990இல் திறந்தபோது வந்தவர்கள் ஆளுக்கொரு தட்டும் கரண்டியும் வீட்டிலிருந்து கொண்டுவந்தார்களாம். அதனால் ஒரு தட்டைப் போல இன்னொன்று இல்லை. எனக்கு வந்ததில் நீலப்பூ, அக்காவுக்கு வந்ததில் தங்க விளிம்பு. வீட்டில் விசேஷத்துக்குப் பக்கத்து வீட்டுத் தட்டையும் வாங்கிப் போடுவோமே, அதே மாதிரி இருந்தது.

நான் 'பூரன்கோல் ஸ்டாம்ப்பாட்' வாங்கினேன். உருளைக்கிழங்கையும் கேல் கீரையையும் சேர்த்து வேகவைத்து மசித்தது. உறைபனி விழுந்த பிறகு பறித்தால்தான் அந்தக் கீரை இனிக்கும் என்கிறார்கள். பக்கத்தில் புகைபோட்ட தொத்திறைச்சி ஒரு துண்டு. நான் முள்கரண்டியை எடுக்கப் போனேன், அத்தான் "இருங்க அத்தை" என்று நிறுத்தி, கரண்டியின் பின்பக்கத்தால் மசியலின் நடுவில் ஒரு குழி பறித்து அதில் இறைச்சிக் குழம்பை ஊற்றினார். இந்த ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தானாம். ஆச்சி உனக்குச் சோற்றில் குழி பறித்து ரசம் ஊற்றுவாளே ராசா, எனக்குக் கண் கலங்கிவிட்டது. குழியின் ஓரம் உடைந்து குழம்பு வழியாமல் பிள்ளைகள் கவனமாகச் சாப்பிடுவதுகூட நம் வீட்டில் மாதிரியேதான்.

அக்கா 'ஹாஷே' வாங்கினாள். மாட்டிறைச்சியை நிறைய வெங்காயம், வினிகர், பிரிஞ்சி இலை, கிராம்பு போட்டு மணிக்கணக்கில் சின்னத் தீயில் வைப்பது. குழம்பு கெட்டியாக, மசாலா கேக் ஒரு துண்டைப் பிய்த்துப் போடுகிறவர்களும் உண்டாம். வாசம் நம் கிறிஸ்துமஸ் அடுப்பேதான்.

அத்தான் லைடன் ஊர்க் கதை ஒன்று சொன்னார். 1574இல் ஸ்பானியப் படை மாதக்கணக்கில் முற்றுகையிட்டு அந்த ஊரே பட்டினி கிடந்ததாம். அக்டோபர் 3 அன்று படை ஓடிப்போனதும், ஒரு பையன் அவர்கள் விட்டுப்போன கூடாரத்தில் ஒரு பானையில் சமைத்த கூட்டு இருந்ததைக் கண்டானாம். இன்றைக்கும் அந்தத் தேதியில் அங்கே கேரட், வெங்காயம், உருளைக்கிழங்கு மசித்த 'ஹுட்ஸ்பாட்'தான் சாப்பாடு. அந்தக் காலத்தில் உருளைக்கிழங்கு இங்கே வராததால் வேறு கிழங்கு போட்டிருப்பார்கள். 450 வருஷமாக ஒரு கூட்டை மறக்காதவர்களைச் சாப்பிடத் தெரியாதவர்கள் என்று சொல்லாதே.

குழந்தை பிறந்த வாரம் கீழ்வீட்டு அம்மா ரஸ்க்கில் வெண்ணெய் தடவி, ரோஸும் வெள்ளையுமாக மிட்டாய் தூவிக் கொண்டுவந்தார். கடித்தால் உள்ளே சோம்பு! பிள்ளை பெற்றவளுக்கு ஆகும் என்றார். நம் ஆச்சி சொல்வதும் அதுதானே.

சரி, உனக்கு இரண்டு காரியம். க்ரோனிங்கனிலும் 'ஏட்கஃபே' என்று போர்டு போட்ட கடைகள் இருக்கும். அங்கே 'டாக்ஹாப்' என்று கேள். அன்றைக்குச் சமைத்த ஒரு சாப்பாடு, மற்றதைவிட விலை குறைவாக இருக்கும். வாரத்தில் ஒருநாளாவது உட்கார்ந்து சுடச்சுடச் சாப்பிடு. அப்புறம், இதை நீயே செய்யலாம், ஒரே பாத்திரம்தான். கிழங்கு ஒரு கிலோ, அதன்மேல் நறுக்கிய கீரை அரைக் கிலோ, உப்பு, தண்ணீர். இருபத்தைந்து நிமிஷம் வேகவைத்து வடித்து, பாலும் வெண்ணெயும் விட்டு மசி. காரம் வேண்டுமென்றால் நான் அனுப்பிய ஊறுகாய் இருக்கிறது.

ஆச்சி முறுக்குப் பிழிகிற படம் ஒன்று அக்காவின் போனில் இருந்தது. பிரிண்ட் போடக் கொடுத்திருக்கிறாள். அடுத்த சனிக்கிழமை அதை அந்தக் கடைக்குக் கொண்டுபோகிறோம். ரயிலில் இரண்டு மணி நேரம்தானே, நீயும் வா. மேசை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டுமாம், புதன்கிழமைக்குள் போன் பண்ணு.

அன்புடன்,
அம்மா