ஞாயிறு விடியலில் ஒரு நிமிடம்

குழு உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு முன்பே எழுந்து, உங்கள் வீட்டுத் தோட்டத்தில் கேட்கும் பறவைக் குரல்களை ஒரு நிமிடம் கைபேசியில் பதிவுசெய்து இங்கே அனுப்புங்கள்.

மொரிசியஸின் காத்ர் போர்ன் நகரில் எங்கள் வீட்டு லிச்சி மரத்தில் முதலில் பாடுவது செம்மீசைச் சின்னான். இங்கே பேசும் கிரியோல் மொழியில் அதைக் கொந்தே என்கிறோம். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் அதன் தலையிலுள்ள கொண்டைதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. பிறகு மைனாக்களின் கூச்சல். 1762இல் வெட்டுக்கிளிகளை ஒழிப்பதற்காக இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட இனம் அது. நம் முன்னோரைப் போலவே கடல் தாண்டி வந்து இங்கே வேரூன்றிவிட்டது. அதனால் அந்த இரைச்சல்கூட எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் நான் காத்திருப்பது பிக்பிக்குக்காக! கைக்குள் அடங்கிவிடும் சாம்பல் நிறக் குருவி. பறக்கும்போது வாலுக்கு மேலே வெள்ளை தெரியும். மொரிசியஸைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. கூட்டமாகக் கறிவேப்பிலை மரத்துக்குள் புகுந்து, மெல்லிய குரலில் ஒன்றையொன்று அழைத்துக்கொண்டே பூச்சி தேடும். அடுப்பில் தேநீர் பொங்குவதையும் மறந்து சன்னலோரம் நின்றுவிடுகிறேன்.

பஸ்கள் ஓடத் தொடங்கிவிட்டால் அந்தக் குரல் காதில் விழாது. வானொலியை நிறுத்திவிட்டுப் பதிவுசெய்யுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்த பறவைப் பெயர்களை, தமிழோ கிரியோலோ, கேட்டு எழுதுங்கள். மழை பெய்தால் அடுத்த ஞாயிறு.